ஆர்தர் வார்ட்டன்: கரகோஷமும் கல்லறையும்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் ஜில்லாவில், டான்காஸ்டர் நகருக்கு அருகே எட்லிங்டன் என்றொரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம் உண்டு. அக்கிராமத்து மயானத்தில், பணம் செலவிட வகையற்ற ஏழைகளுக்கென விட்டிருந்த பகுதியில், 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு வயோதிகரை அடக்கம் செய்தார்கள். தலைமாட்டில் கல் நாட்டவில்லை, பெயர் பொறிக்கவில்லை. 67 வருஷ காலம் அவ்வழியே நடந்து சென்றவர்களில் எவருக்கும் அப்புல்தரையின் கீழ் உறங்குபவர் இன்னாரென்று அறிய வழியில்லாதிருந்தது.

அங்கே உறங்கியவர் ஆர்தர் வார்ட்டன். ஒரு காலத்தில் இங்கிலாந்து தேசத்தில் ஓட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் பெற்றவர். ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பாவுக்கு வந்து, கால்பந்தாட்டத்தை ஜீவனோபாயமாகக் கொண்டு ஊதியத்துக்கு ஆடியவர்களில் முதல்வர் என்று சரித்திரக்காரர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். இன்று ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் ஆப்பிரிக்கர் இல்லாத கோஷ்டியைக் காண்பது அரிது. அவர்களிற் சிலர் ஒரு வாரத்தில் பெறும் சம்பளம், பல குடும்பங்கள் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் சேர்க்கவியலாத தொகை. அவ்வழியில் முதன்முதலாகக் கால் பதித்தவரோ, பெயரில்லாப் பிணமாய் மண்ணுக்குள் போனார். அது எப்படி நேர்ந்தது என்பதை அறிய அவருடைய வாழ்க்கையை ஆதியிலிருந்து பார்ப்பது அவசியம்.

பிறப்பும் கல்வியும்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இன்று கானா என வழங்கும் சுதந்திர நாடு, அக்காலத்தில் கோல்டு கோஸ்ட் என்று பெயர் பெற்றிருந்தது. தங்கம் ஏற்றுமதியான கரை அது. பிற்பாடு மனிதரையே அடிமைச் சரக்காக ஏற்றியனுப்பிய கரையும் அதுவே. அதன் துறைமுகப் பட்டணமான அக்ராவில், ஜேம்ஸ்டவுன் என்ற பகுதியில், 1865-ஆம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி வார்ட்டன் பிறந்தார். தந்தை ஹென்றி வார்ட்டன், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரனடாவிலிருந்து வந்த மெதடிஸ்டு பாதிரியார். அவருடைய உடலில் ஸ்காத்லாந்து ரத்தமும் ஆப்பிரிக்க ரத்தமும் கலந்திருந்தன. தாய், கோல்டு கோஸ்டின் பான்டி வகுப்பாரின் ராஜவம்சத்தைச் சேர்ந்தவர். இவ்வாறு மூன்று தேசங்களின் வாரிசாய்ப் பிறந்த பிள்ளை அவர். ஆயினும் பிற்காலத்தில் இங்கிலாந்தின் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதுகையில் அவருடைய மேனியின் நிறம் ஒன்றையே முதலில் கண்டன.

வார்ட்டனுக்கு எட்டு வயது நிறைந்திருந்த 1874-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் படை அசாந்தி ராஜ்யத்தின் தலைநகரான குமாசியைக் கொளுத்தியது. அதே வருஷத்தில் கோல்டு கோஸ்ட் முடியரசின் குடியேற்ற நாடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அந்நாட்டில் வசதி படைத்த கிறிஸ்தவக் குடும்பங்கள் தம் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைப்பதைப் பெருமையாகக் கொண்டிருந்தன. வார்ட்டனும் சிறு வயதில் லண்டனில் சில வருஷங்கள் படித்தார். பின்னர் ஊர் திரும்பி, 1882-ல் மறுபடியும் கப்பலேறினார். ஸ்டாபோர்டுஷயரில் கானக் என்ற ஊரிலும், 1884 முதல் வடக்கே டார்லிங்டன் நகரிலிருந்த கிளீவ்லண்டு கலாசாலையிலும் கல்வி பயின்றார். தந்தையின் அடிச்சுவட்டில் மதபோதகராகவோ உபாத்தியாயராகவோ ஆகி, பிறந்த நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்பதே குடும்பத்தாரின் எண்ணம். வேதாகமத்தைப் பிரசங்கிக்கத் தயாரிக்கப்பட்ட இளைஞனின் பெயர் ஓட்டப் பந்தயத்தால் பரவியதென்றால், அதை விதியின் விளையாட்டு என்றே சொல்லவேண்டும்.

பத்து விநாடி

டார்லிங்டனில் விளையாட்டு மைதானத்துக்கு வந்தவர்கள் அந்த மாணவனின் வேகத்தைக் கண்டு வியந்தார்கள். கிரிக்கெட், சைக்கிள், கால்பந்து, ஓட்டம் யாவற்றிலும் அவர் கை தேர்ந்தவராயிருந்தார். 1886-ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டனில் ஸ்டாம்போர்டு பிரிட்ஜ் மைதானத்தில், இங்கிலாந்தின் அமெச்சூர் தேகாப்பியாச சங்கத்தார் தேசியப் பந்தயங்களை நடத்தினர். 100 கஜ ஓட்டத்தின் ஆரம்பப் பந்தயத்திலும் இறுதிப் பந்தயத்திலும் வார்ட்டன் சரியாகப் பத்து விநாடியில் ஓடி முடித்தார். அச்சங்கத்தின் தேசியப் பந்தயத்தில் பத்து விநாடிக் கணக்கு ஊர்ஜிதமாகப் பதிவானது அதுவே முதல் தடவை. அவருக்கு அப்போது வயது இருபது. தேசத்தின் அதிவேக ஓட்டக்காரர் என்ற பட்டத்துடன், எகிப்திய இளவரசர் ஒருவரின் பெயரால் வழங்கிய கோப்பையும் அவர் கைக்கு வந்தது. அடுத்த வருஷமும் அப்பட்டத்தை அவரே தக்கவைத்துக் கொண்டார்.

இந்த வெற்றி எந்தக் காலத்தில் நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1884-ஆம் வருஷக் கடைசியில் ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லின் நகரில் கூடி, ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக் கொள்வதற்கான விதிகளை வகுக்கத் தொடங்கின. 1885 பிப்ரவரி வரையில் நடந்த அம்மகாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவருக்கேனும் ஆசனம் கிடையாது. வெள்ளையர் உச்சியிலும் கறுப்பர் அடியிலும் நிற்பதாக மனித ஜாதிகளை ஏணிப்படிபோல் வரிசைப்படுத்திய பண்டிதர்களுக்கு அக்காலத்தில் சர்வகலாசாலைகளில் மதிப்பு மிகுதி. அத்தகைய நாளில், அடிப்படியில் நிற்கவேண்டியவன் என்று அவர்கள் தீர்மானித்த நிறத்துக்குரிய ஒருவர், ஏகாதிபத்தியத்தின் தலைநகரிலேயே, அவர்களுடைய கடிகாரத்தை வைத்தே, அவர்களுடைய மக்களில் சிறந்தவர்களைப் பின்னே விட்டு ஓடினார். கூடியிருந்தவர்கள் கரகோஷம் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் பண்டிதர்கள் தம் கொள்கையைத் திருத்திக் கொண்டார்களா? இல்லை. மூளையில் குறைந்தவனுக்கு உடலில் கூடுதலாக இருப்பது இயற்கையென்று வாதத்தைத் திருப்பினார்கள். அவன் தோற்றால் தாழ்ந்த ஜாதி, ஜெயித்தால் விலங்கின் பலம் என்று இரு வழியும் அடைக்கும் வாதத்தை எந்த நியாயஸ்தலமும் ஏற்காது. எனினும் நெடுங்காலம் அது செல்லுபடியாயிற்று.

கோல் காத்த விதம்

நிற்க. கால்பந்தாட்டத்தில் அவர் ஏற்ற ஸ்தானம் கோல்கீப்பருடையது. அக்காலத்து ஆட்டம் இன்றைய ஆட்டம் போன்றதன்று. கோல் கம்பங்களின் பின்னால் வலை கட்டும் வழக்கமே 1891-ல்தான் வந்தது. கோல்கீப்பரைப் பாதுகாக்கும் விதிகள் மிகக் குறைவு. அவர் பந்தைப் பிடித்திருந்தாலும் எதிரிகள் தோளால் இடித்து, பந்தோடு சேர்த்து அவரையும் கோலுக்குள் தள்ளலாம். ஆகையால் அந்த ஸ்தானத்துக்கு, அடி தாங்கும் உடலும் எதற்கும் அஞ்சாத மனமும் தேவைப்பட்டன.

வார்ட்டனிடம் அவ்விரண்டும் இருந்ததோடு, கூட்டத்தை மகிழ்விக்கும் விநோதமும் இருந்தது. கோலின் ஓரத்தில் ஒன்றும் அறியாதவர்போல் குந்தியிருப்பார். பந்து வரும் கடைசிக் கணத்தில் பாய்ந்து வந்து தடுத்து விடுவார். அவரை நேரில் கண்ட ரசிகர் ஒருவர், பல வருஷங்கள் கழித்து 1942-ல் ஷெப்பீல்டுப் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு காட்சியை நினைவு கூர்ந்திருக்கிறார். வார்ட்டன் எம்பிக் குதித்து மேற்கட்டையைப் பிடித்துத் தொங்கி, வந்த பந்தை இரு கால்களுக்கும் இடையில் கவ்விக் கொண்டாராம். அவர்மேல் பாய வந்த மூன்று எதிரிகள் தம் வேகத்தைத் தாங்க முடியாமல் கோலுக்குள் போய் விழுந்தார்களாம். அரை நூற்றாண்டு சென்றும் ஒரு மனிதர் மறவாதிருந்த ஆட்டம் அது.

இதே விநோதத்தைக் குற்றமாகக் கண்டவர்களும் இருந்தார்கள். பத்திரிகை விமரிசகர் ஒருவர், கோலில் நின்று கூத்தடிப்பது தகாது என்று கண்டித்ததோடு நில்லாமல், அந்தக் கறுப்பு மண்டைக்கு அது ஏறாதா என்ற தொனியில் எழுதினார். ஆட்டத்தைக் குறை கூறுவது விமரிசகரின் உரிமை. ஆட்டத்திலிருந்து ஆட்டக்காரரின் தோலுக்குத் தாவுவது விமரிசனத்தின் பாற்பட்டதன்று.

டார்லிங்டனில் ஆடிக்கொண்டிருந்தவரை பிரெஸ்டன் நார்த் எண்டு என்ற கிளப் 1886-ல் அழைத்துக் கொண்டது. லங்காஷயர் ஜில்லாவின் பஞ்சாலைப் பட்டணமான பிரெஸ்டனின் கோஷ்டி அந்நாளில் தேசத்திலேயே பலம் வாய்ந்தவற்றுள் ஒன்று. அதன் கோலைக் காத்து அவர் ஆடிய 1886-87 பருவத்தில், எப். ஏ. கோப்பைக்கான பந்தயத்தில் கோஷ்டி அரையிறுதி வரையில் சென்று, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. 1888-ல் வார்ட்டன் பிரெஸ்டனை விட்டு விலகி, பணத்துக்கு ஓடும் பந்தயங்களில் இறங்கினார். அவர் விலகிய அதே வருஷம் கால்பந்து லீக் ஆரம்பமாயிற்று. பிரெஸ்டன் கோஷ்டி 22 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோல்வியுறாமல், எப். ஏ. கோப்பையையும் அதே பருவத்தில் கைப்பற்றி, வெல்லமுடியாதவர்கள் என்ற பட்டத்தை நிரந்தரமாகப் பெற்றது. அவர் இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தால் அவருடைய பெயரும் அச்சரித்திரத்தில் இடம் பெற்றிருக்கக் கூடும். ஆனால் நாளைய கீர்த்தி இன்றைய வயிற்றை நிரப்புவதில்லை. படிப்பை விட்டுவிட்ட, தூரதேசத்திலிருக்கும், வேறு வருமானம் இல்லாத ஒரு வாலிபர் ரொக்கம் கிடைக்கும் இடத்தை நாடியதைக் குற்றமாகக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

ஊதியமும் ஒப்பந்தமும்

இங்கிலாந்தில் கால்பந்தாட்டத்துக்குச் சம்பளம் பெறுவது 1885-ஆம் வருஷம் வரையில் விதி விரோதம். அவ்வருஷம் ஜூலையில்தான் கால்பந்து சங்கத்தார் அதை அனுமதித்தனர். அனுமதித்த பிறகும், பணம் பெறாமல் ஆடுபவர் கனவான், பணம் பெற்று ஆடுபவர் கூலிக்காரர் என்ற பேதம் நீங்கவில்லை. கறுப்பர் ஒருவர் அதற்கு முன்பே உயர்ந்த நிலையில் ஆடியதுண்டு. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன் 1881-ல் ஸ்காத்லாந்துக் கோஷ்டிக்கே தலைமை வகித்தார். அவர் செல்வந்தர், ஸ்காத்லாந்துக்காக ஆடிய காலத்தில் ஆட்டம் அவருக்குப் பொழுதுபோக்கு. வார்ட்டனுக்கோ அதுவே பிழைப்பாயிற்று. 1889-ல் அவர் ராதர்ஹாம் டவுன் என்ற கிளப்பில் சம்பளக்காரராகச் சேர்ந்தார். மதபோதகராக வரவேண்டிய கனவான் கூலிக்காரரின் வரிசையில் நின்றார். 1890-ல் அவ்வூரிலேயே எம்மா லிஸ்டர் என்ற ஆங்கிலப் பெண்ணை விவாகம் செய்துகொண்டு, யார்க்‌ஷயர் தொழிலாளர்களின் நடுவே குடியேறினார்.

அக்காலத்து ஆட்டக்காரரின் ஒப்பந்தம் எத்தகையது என்பதைச் சட்டம் படித்தவர்கள் ஆராய்ந்து பார்க்கவேண்டும். ஆட்டக்காரரைக் கிளப் வருஷந்தோறும் பதிவு செய்யும். 1893 முதல் லீக்கில் அமுலுக்கு வந்த முறைப்படி, ஒப்பந்தக் கெடு தீர்ந்த பின்னரும் அப்பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் விரும்பினால் அவரை வைத்துக் கொள்ளலாம். விரும்பினால் விலைக்கு மாற்றலாம். இரண்டும் செய்யாமல், சம்பளமும் கொடாமல், வேறு லீக் கிளப்பில் ஆடவும் விடாமல் நிறுத்தி வைக்கலாம். 1901-ல் வாரம் 4 பவுனுக்கு மேல் எவருக்கும் சம்பளம் தரலாகாது என்ற உச்சவரம்பும் வந்து சேர்ந்தது. ஆட்டக்காரருக்கு ஓய்வூதியம் கிடையாது. கால் முறிந்தால் கிளப்பின் தயவே கதி. இந்த உச்சவரம்பு நீங்க 1961 வரையிலும், மேற்சொன்ன பதிவு முறை நியாயமற்ற தொழில் தடையென்று லண்டன் ஹைகோர்ட்டு தீர்ப்பளிக்க 1963 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. கெடு முடிந்த ஆட்டக்காரர் விலையின்றி வேறு கிளப்புக்குப் போகலாம் என்பது ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஸ்தாபிதமானது 1995-ல்தான். வார்ட்டன் இவையெல்லாம் வருவதற்கு முந்தைய தலைமுறை. கரகோஷம் அவருக்கு உண்டு; உரிமை என்று எழுத்தில் காட்டத்தக்கது ஏதுமில்லை.

ஆட்டக்காரர்கள் உபதொழிலாக மதுக்கடை நடத்துவது அந்நாளைய வழக்கம். பெயர் பெற்ற ஆட்டக்காரர் கல்லாவில் இருந்தால் கூட்டம் சேரும் என்பது கணக்கு. வார்ட்டனும் ராதர்ஹாமில் அத்தொழிலை நடத்தினார். மெதடிஸ்டுப் பாதிரியாரின் புதல்வர், மதுவை நஞ்சென வெறுக்கும் மரபில் வந்தவர், மது விற்று ஜீவிக்க நேர்ந்தது. திறந்திருந்த வாயில் எதுவோ அதன் வழியேதான் மனிதன் போகிறான்.

அவர் மற்றொரு வாயிலையும் தட்டிப் பார்த்தார். 1893-ல் தாம் பிறந்த கோல்டு கோஸ்டின் சர்க்கார் உத்தியோகம் ஒன்றைக் கோரி மனுச் செய்தார். ஆங்கிலக் கல்வி பெற்றவர், ராஜவம்சத்துத் தாயின் மகன், அந்நாட்டவர் என்ற யோக்கியதைகள் அனைத்தும் அவருக்கிருந்தன. மனு நிராகரிக்கப்பட்டது. விளையாட்டு வீரரென்ற அவருடைய கீர்த்தியே, குடியேற்ற நாட்டு உத்தியோகஸ்தருக்கு அடாதது என்று கருதப்பட்டது. ஆங்கிலக் கலாசாலைகளில் ஆட்டத்தில் கெட்டிக்காரர்களான வெள்ளை வாலிபர்களை ஆப்பிரிக்காவை ஆள்வதற்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய சாம்ராஜ்யம் அது என்பதை நினைத்தால், இக்காரணத்தின் லட்சணம் விளங்கும். ஒருவருக்குத் தகுதியாவது மற்றொருவருக்குத் தகுதிக்குறைவாவதேன்? சீமை மைதானத்தில் அவர் ஓடுவதைப் பார்த்து மகிழச் சம்மதம். அவருடைய சொந்த மண்ணில் ஒரு மேஜையின் முன் அவர் அமர்வதற்குச் சம்மதமில்லை. இவ்வொரு நிராகரிப்பே அவர் வாழ்வின் திசையை முடிவு செய்தது என்பது நமது அபிப்பிராயம். அதன்பின் அவருக்கிருந்த ஒரே மூலதனம் அவருடைய தேகம்; அதுவோ வருஷந்தோறும் தேய்கிற மூலதனம்.

ஷெப்பீல்டும் அதற்குப் பின்னும்

1894-ல், லீக்கின் முதல் வகுப்பில் இருந்த ஷெப்பீல்டு யுனைட்டெட் கிளப் அவரைச் சேர்த்துக் கொண்டது. அதே வருஷத்தில் டார்பிஷயரின் சுரங்கக் கிராமம் ஒன்றிலிருந்து வில்லியம் போல்க் என்ற இருபது வயது இளைஞரையும் சேர்த்தது. ஆறடிக்கு மேல் உயரமும் பின்னாளில் கதையாய்ப் பேசப்பட்ட பருமனும் உடைய போல்க், இங்கிலாந்தின் மிகப் பிரசித்தமான கோல்கீப்பர்களில் ஒருவராக விளங்கப் போகிறவர். ஒரு கோலுக்கு ஒருவர்தான் நிற்க முடியும். முப்பதை நெருங்கிய வார்ட்டன் பெரும்பாலும் வெளியே காத்திருந்தார். 1895 பிப்ரவரியில், அப்பருவத்தின் சாம்பியனாக வந்த சண்டர்லண்டு கோஷ்டிக்கு எதிராக அவருக்கு இடம் கிடைத்தது. இங்கிலாந்து லீக்கின் முதல் வகுப்பில் கறுப்பர் ஒருவர் ஆடிய முதல் ஆட்டமென்று அதைச் சொல்கிறார்கள். சுரங்கக் கிராமத்திலிருந்து வந்த போல்க் கோலில் நின்று புகழடைந்தார். கோலிலிருந்து விலகிய வார்ட்டன் கடைசியில் சுரங்கத்தை அடைந்தார்.

பிறகு நேர்ந்தது இறக்கம். மறுபடியும் ராதர்ஹாம், 1896-ல் ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸ், அதன் பின் ஆஷ்டன் நார்த் எண்டு. ஆஷ்டனில் ஒரு புகையிலைக் கடையும் வைத்துப் பார்த்தார். அந்தக் கிளப் 1899-ல் பணமுடையால் மூடப்பட்டது. மீண்டும் ஸ்டேலிபிரிட்ஜ். இறுதியாக 1901-02 பருவத்தில் இரண்டாம் வகுப்பிலிருந்த ஸ்டாக்போர்ட் கவுண்டிக்காகச் சில ஆட்டங்கள். 1902-ல், முப்பத்தாறு வயதில், அவர் கால்பந்தாட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார். ஒரு மனிதரின் ஆயுளில் அது நடுப்பருவம். வக்கீலுக்கு அந்த வயதில்தான் கட்சிக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். வைத்தியருக்கு அந்த வயதில்தான் கைராசி என்ற பெயர் பரவும். ஆட்டக்காரருக்கோ அந்த வயதில் தொழில் முடிந்துவிடுகிறது.

சுரங்கம்

பின்னர் அவர் தெற்கு யார்க்‌ஷயரின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைக்குப் போனார். எட்லிங்டனில் இருந்த யார்க்‌ஷயர் மெயின் என்னும் சுரங்கத்தில், நிலக்கரி நிரப்பிய தொட்டிகளைப் பாதையில் நகர்த்தும் கூலியாக உழைத்தார். வெளிச்சமில்லாத குகைக்குள், கரித்தூள் படிந்தபின் எல்லார் முகமும் ஒரே நிறம். நிறபேதம் மறைவதற்கு மனிதன் பாதாளம் வரையில் இறங்க வேண்டியிருந்ததோ என்னவோ! முதல் உலக யுத்தத்தின்போது உள்ளூர்க் காவற்படையில் அவர் தொண்டராகச் சேர்ந்தார். தமக்கு ஓர் உத்தியோகம் கொடுக்க மறுத்த சாம்ராஜ்யத்தைக் காக்கவும் அவர் முன்வந்தார் என்பதைக் குறித்துக் கொள்ளவேண்டும். 1926-ல் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்து நேரத்தைக் கூட்ட முயன்று கதவடைப்புச் செய்தபோது, பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக் கணக்காகப் பட்டினி கிடந்தார்கள். எட்லிங்டனும் அத்துயரத்துக்கு விலக்கன்று.

1930 டிசம்பர் 13-ந் தேதி, 65-வது வயதில், டான்காஸ்டருக்கு அருகிலுள்ள ஆரோக்கியசாலை ஒன்றில், புற்றுநோய் முதலிய வியாதிகளால் அவர் காலமானார். பத்து விநாடியில் தேசத்தை வியக்க வைத்தவருக்கு, இறுதி யாத்திரைக்குக் கூடுதலாக ஒரு கல் வாங்கக் காசில்லை.

யார் பொறுப்பு?

இவ்வழக்கில் குற்றவாளி யார் என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்வது எளிதன்று. இங்கிலாந்தின் பாமர மக்கள் அவரை வெறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. வடபாகத்துத் தொழிலாளர்கள் வாரந்தோறும் காசு கொடுத்து அவர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவர்களோடு ஒருவராக அவர் நாற்பது வருஷம் வாழ்ந்தார். அவரும் குறையற்றவரல்லர். வருமானம் இருந்த காலத்தில் பின்னாளுக்குச் சேர்த்து வைக்கவில்லை, வியாபாரங்களில் நிலைக்கவில்லை. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கொண்ட பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. அவரால் லாபம் பெற்றவர் அனைவருக்கும் தேவையாயிருந்தது அவருடைய திறமை மட்டும். அத்திறமையின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு முப்பத்தாறுக்குப் பிறகும் ஆயுள் இருக்கிறது என்பதை எவரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. அவருடைய படிப்பை உபயோகப்படுத்தக் கூடிய ஒரே ஸ்தாபனமான அவருடைய சொந்த நாட்டு சர்க்காரோ, அந்நிய சர்க்காராயிருந்தது.

மறதியும் தற்செயலாக நேர்ந்ததன்று. பந்தயக் கணக்குகள் பத்திரமாயிருந்தன. பழைய பத்திரிகைகள் நூல்நிலையங்களில் இருந்தன. ஆயினும் கால்பந்தின் சரித்திரத்தை எழுதியவர்களுக்கு, அதன் ஆரம்ப நாட்களில் ஓர் ஆப்பிரிக்கர் இருந்திருக்கக் கூடும் என்ற எண்ணமே தோன்றவில்லை. தேடாதவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. பிற்பாடு தேடியவர்களும் இங்கிலாந்திலேயே தோன்றினார்கள் என்பதைச் சொல்வது நியாயம். ஷெப்பீல்டில் இனவெறியை எதிர்த்துக் கால்பந்து ரசிகர்கள் நடத்திய இயக்கத்தின் முயற்சியால், 1997-ல் எட்லிங்டன் மயானத்தில் அவர் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது. மறு வருஷம் பில் வாசிலி என்ற ஆராய்ச்சியாளர் அவருடைய சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். 2003-ல் இங்கிலாந்துக் கால்பந்தின் கீர்த்திமான்கள் வரிசையில் அவர் சேர்க்கப்பட்டார். 2014-ல், இங்கிலாந்து தேசியக் கோஷ்டி பயிற்சி பெறும் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில், அவர் கோலில் பாய்ந்து பந்தைத் தட்டும் தோற்றத்தில் பெரிய சிலை ஒன்று திறக்கப்பட்டது.

அவர் பிறந்த கோல்டு கோஸ்ட் 1957 மார்ச் 6-ந் தேதி கானா என்ற பெயரில் சுதந்திரமடைந்தது. 1960-ல் கானாவின் சார்லஸ் கியாம்பி ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ப் நகரக் கிளப்பில் ஆடப் போனார். வார்ட்டன் பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1965-ல், மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோ ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரரென்ற தங்கப் பந்தைப் பெற்றார். ஆனால் அவர் அணிந்தது தம் நாட்டை ஆண்ட போர்த்துகலின் சட்டை. 1995-ல் லைபீரியாவின் ஜார்ஜ் வியா தம் சொந்த நாட்டின் பெயராலேயே அதைப் பெற்றார். வழி அகலமாயிற்று என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அவ்வழியின் ஓரத்தில் வார்ட்டன்கள் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கப் பட்டணங்களில் தரகர்கள் ஏழைப் பெற்றோரிடம் பணம் வாங்கிக் கொண்டு, சிறுவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று, சோதனை ஆட்டத்தில் தேறாதவர்களைத் தெருவில் விட்டுப்போகும் கொடுமை பல முறை வெளியாகியிருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைத் தேசம் விட்டுத் தேசம் மாற்றுவதற்குச் சர்வதேசக் கால்பந்து சம்மேளனம் 2001-ல் தடை விதித்தது. சில விலக்குகளும் அதில் உண்டு. சட்டம் ஏட்டில் இருக்கிறது. சிறுவனோ குளிரில் நிற்கிறான்.

சிலை வைப்பது நல்லது. கல் நாட்டுவது நல்லது. இறந்தவருக்கு அவற்றால் ஆவது யாதொன்றுமில்லை. உயிரோடிருப்பவர்களின் கடமையை நினைவூட்டுவதே அவற்றின் பயன். மைதானத்தில் ஒருவன் ஆடக் கண்டு மகிழ்கிறவர்கள், அவன் கையெழுத்திட்ட காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும், கால் ஓய்ந்த பிறகு அவனுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும் என்றும் கேட்கப் பழகவேண்டும். அக்கேள்வியை 1902-ல் ஸ்டாக்போர்டில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்லிங்டனில் ஒரு கல்லுக்காக 67 வருஷம் காத்திருக்க நேர்ந்திராது.